திருவாதிரையைக் கவனிக்க ஒன்பது பேர்

மாசி மாதத் தொடக்கத்தில் ஒரு நாள் இரவு எட்டு மணிக்கு மொட்டைமாடிக்குச் சென்று அண்ணாந்து பாருங்கள். ஒரே வரிசையில் பிடித்து வைத்தாற்போல் மூன்று விண்மீன்கள் தெரியும். அவற்றைச் சுற்றி நான்கு மூலைகளில் நான்கு விண்மீன்கள். மேல்நாட்டார் இந்தக் கூட்டத்தை ஓரியன் என்னும் வேட்டைக்காரனாகக் கண்டனர். மூன்று விண்மீன்களுக்கு வடக்கே, ஏறத்தாழ நம் தலைக்கு நேர் மேலே, செந்நிறமாக ஒளிர்வதுதான் திருவாதிரை.

பெயர் உங்களுக்குப் புதியதன்று. மார்கழியில் வீட்டில் களி கிண்டும் நாள் திருவாதிரை. அன்றைக்கு நிலவு இந்த விண்மீனை ஒட்டி நிற்பதால்தான் அந்த நாளுக்கு அப்பெயர் வந்தது. பெயரைக் கேட்டிருக்கிறோம், களியையும் உண்டிருக்கிறோம். ஆனால் வானத்தில் அதை விரல் நீட்டிக் காட்டச் சொன்னால் நம்மில் எத்தனை பேரால் முடியும்?

காட்டத் தெரிந்தால் போதாது, அதைக் கண்காணிக்கவும் வேண்டும் என்பதற்காகவே இக்கட்டுரை. அதற்கு விலையுயர்ந்த தொலைநோக்கி வேண்டியதில்லை. நல்ல கண்கள், ஒரு குறிப்பேடு, ஒரு கடிகாரம், கூடவே எட்டு நண்பர்கள். இவை இருந்தால் தேனி மாவட்டத்தின் எந்தப் பள்ளியிலும் ஒரு வான்நோக்கர் குழுவைத் தொடங்கிவிடலாம்.

ஒரு விண்மீன் மங்கியது

2019-ஆம் ஆண்டின் இறுதியில் திருவாதிரை மங்கத் தொடங்கியது. அமெரிக்காவில் வில்லனோவா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எட்வர்டு கைனனும் அவருடைய குழுவினரும் அந்த ஆண்டு டிசம்பரில் இதை வானியலாருக்கு அறிவித்தனர். 2020 பிப்ரவரியில் அதன் ஒளி, வழக்கமான அளவில் சுமார் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. பக்கத்தில் இருக்கும் பெல்லாட்ரிக்ஸ் என்ற விண்மீனுக்கு இணையாக அது தெரிந்தது. வானத்தின் மிக ஒளிமிக்க பத்து விண்மீன்களுள் ஒன்றாக வழக்கமாக எண்ணப்படுவது, அந்த வரிசையிலிருந்து கீழே இறங்கிவிட்டது. இதைக் காணக் கருவி எதுவும் தேவைப்படவில்லை. தெருவில் நின்ற எவரும் வெறும் கண்ணால் பார்த்திருக்கலாம்.

ஏன் மங்கியது? திருவாதிரை ஒரு செம்பெருமீன். நம் சூரியன் இருக்கும் இடத்தில் அதைத் தூக்கி வைத்தால், புதன், வெள்ளி, பூமி, செவ்வாய் ஆகிய நான்கும் அதன் வயிற்றுக்குள் அடங்கிவிடும். அத்தனை பெரிய உடலின் மேற்பரப்பிலிருந்து ஒரு பெரும் வாயுத் திரள் வெளியே வீசப்பட்டது. வெளியே வந்த வாயு குளிர்ந்து தூசியாக மாறியது. அந்தத் தூசி மேகம் நமக்கும் விண்மீனுக்கும் நடுவே திரைபோல் நின்றுவிட்டது. சிலி நாட்டிலுள்ள மிகப் பெரிய தொலைநோக்கிகளால் எடுத்த படங்களைக் கொண்டு 2021-இல் வானியலார் வந்த முடிவு இது.

இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். 2019-இல் கண்ட மங்கல் வழக்கத்துக்கு மாறானது என்று அவர்களுக்கு எப்படித் தெரிந்தது? திருவாதிரையின் ஒளி எப்போதுமே சற்று ஏறி இறங்கும் இயல்புடையது. ஜான் ஹெர்ஷல் என்னும் வானியலார் 1836-ஆம் ஆண்டிலேயே இதைக் கவனித்தார். சுமார் 400 நாட்களுக்கு ஒரு முறை ஏறி இறங்குவதும், ஏறக்குறைய ஆறு ஆண்டுகளுக்கு ஒரு முறை ஏறி இறங்குவதும் அதற்கு உண்டு. வழக்கம் இன்னது என்று தெரிந்திருந்தால்தானே வழக்கம் மீறியதைக் கண்டுகொள்ள முடியும்? அந்த வழக்கத்தை எழுதி வைத்தவர்களுள் பெரும்பாலோர் வானியலைத் தொழிலாகக் கொண்டவர்கள் அல்லர். ஆசிரியர்கள், எழுத்தர்கள், மருத்துவர்கள், மாணவர்கள். அவர்கள் அனுப்பும் குறிப்புகளைத் திரட்டுவதற்காகவே 1911-இல் அமெரிக்காவில் ஒரு சங்கம் தொடங்கப்பட்டது. ஒளிமாறும் விண்மீன்களை நோக்குவோரின் அச்சங்கத்துக்கு இன்றும் உலகெங்கிலுமிருந்து குறிப்புகள் போகின்றன.

கருவூல ஊழியரின் 37,000 குறிப்புகள்

அந்தச் சங்கத்தின் ஏடுகளில் ஓர் இந்தியரின் பெயர் தனியே நிற்கிறது. அவர் ராதா கோவிந்த சந்திரர். 1878-இல், இன்றைய வங்காளதேசத்தில் உள்ள ஜெஸ்ஸூர் பகுதியில் பிறந்தவர். பள்ளிப் படிப்பின் முடிவில் எழுத வேண்டிய நுழைவுத் தேர்வில் மும்முறை தோற்றவர். அரசுக் கருவூலத்தில் சிறு வேலை பார்த்துப் பிழைத்தவர். 1910-இல் ஹாலி வால்மீன் வந்தபோது ஒரு சிறு பைனாகுலரால் அதைப் பார்த்தார். 1912-இல் இங்கிலாந்திலிருந்து மூன்று அங்குலத் தொலைநோக்கி ஒன்றை வரவழைத்தார். 1918-இல் கழுகு விண்மீன் கூட்டத்தில் திடீரென ஒளிர்ந்த புதுமீனை, யாரும் சொல்லாமலேயே தாமாகக் கண்டுகொண்டார்.

பகலில் கருவூலம், இரவில் வானம். 1954 வரையில் அவர் அனுப்பிய குறிப்புகள் 37,000-க்கும் மேல். அவருடைய உழைப்பை மதித்து அமெரிக்கச் சங்கத்தார் 1926-இல் ஆறங்குலத்துக்குச் சற்றுப் பெரிய தொலைநோக்கி ஒன்றை அவருக்கு அனுப்பி வைத்தனர். அந்தத் தொலைநோக்கி பிற்காலத்தில் வானியலறிஞர் வேணு பாப்புவின் கைக்கு மாறி, இறுதியில் நம் தமிழ்நாட்டின் காவலூர் ஆய்வகத்துக்கு வந்து சேர்ந்தது.

வேணு பாப்புவும் இளமையில் ஒளிமாறும் விண்மீன்களைக் கவனித்துக் குறிப்பெழுதிப் பழகியவர்தாம். 1949-இல் அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்தபோது கண்டுபிடித்த வால்மீன் ஒன்றுக்கு அவர் பெயரும் சேர்த்துச் சூட்டப்பட்டது. 1960-இல் அவர் கொடைக்கானல் வானாய்வகத்தின் பொறுப்பை ஏற்றார்.

கொடைக்கானல் என்றதும் பெரியகுளம் நண்பர்கள் வடக்கே திரும்பிப் பார்ப்பார்கள். ஊருக்கு வடக்கே சுவர் எழுப்பினாற்போல் நிற்கும் பழனி மலைகளின் உச்சியில்தான் அந்த ஆய்வகம் இருக்கிறது. சென்னையில் இருந்த பழைய வானாய்வகத்தின் வாரிசாக 1899-இல் அது அமைக்கப்பட்டது. 1904 முதல் அங்கே வானம் தெளிந்த நாளெல்லாம் சூரியனைப் படம் எடுத்து வருகிறார்கள். எடுத்தவர்கள் ஓய்வு பெற்றார்கள், மறைந்தார்கள், அடுத்தவர்கள் வந்தார்கள். படமெடுப்பது மட்டும் நிற்கவில்லை. நூறாண்டுகளைக் கடந்த அந்த வரிசை, சூரியப் புள்ளிகளின் போக்கை ஆராய்வோருக்கு உலக அளவில் கிடைத்தற்கரிய செல்வமாக இருக்கிறது. ஒரு நாள் படம் ஒரு காட்சி. நூறாண்டுப் படங்களோ ஓர் அறிவியல் சான்று.

அந்தப் பழைய சென்னை ஆய்வகத்தில் பணிபுரிந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-இல் ‘ஆர் ரெட்டிகுலி’ என்னும் ஒளிமாறும் விண்மீனைக் கண்டறிந்தார். ஆகவே, நாம் தொடங்கப் போகும் வேலைக்கு இந்த மண்ணில் 150 ஆண்டுகளுக்கு மேற்பட்ட மரபு உண்டு.

பள்ளத்தாக்கின் வானம்

கம்பம் பள்ளத்தாக்கின் அமைப்பைச் சற்று நினைத்துப் பாருங்கள். மேற்கே கேரள எல்லையை ஒட்டிய மலைத்தொடர். கிழக்கிலும் தெற்கிலும் மேகமலையும் வருசநாட்டு மலைகளும். நடுவே முல்லைப் பெரியாற்று நீரில் விளையும் வயல்களும் திராட்சைப் பந்தல்களும் தென்னந்தோப்புகளும். மலைகள் அடிவானத்தின் ஒரு பகுதியை மறைக்கத்தான் செய்கின்றன. ஆனால் மலைக்கு அப்பாலுள்ள ஊர்களின் வெளிச்சத்தையும் அவையே ஓரளவு தடுத்துவிடுகின்றன.

உங்கள் குழுவின் முதல் வேலை இந்த மலைகளை அளப்பதுதான். கையை நேராக நீட்டி முஷ்டியை மடக்குங்கள். அந்த முஷ்டியின் அகலம் வானத்தில் சுமார் 10 டிகிரி. சுண்டு விரலின் அகலம் சுமார் 1 டிகிரி. பள்ளி மைதானத்தின் நடுவில் நின்று, எட்டுத் திசைகளிலும் மலை எத்தனை விரல் உயரம் மறைக்கிறது என்று அளந்து ஒரு வட்டப்படம் வரையுங்கள். பகலிலேயே செய்யக்கூடிய வேலை இது.

அடுத்து, துருவ நட்சத்திரத்தைத் தேடுங்கள். ஓரிடத்தில் துருவ நட்சத்திரம் எத்தனை டிகிரி உயரத்தில் தெரிகிறதோ, ஏறத்தாழ அதுவே அவ்விடத்தின் அட்சரேகை. தேனியின் அட்சரேகை 10 டிகிரி. அதாவது வடக்கு அடிவானத்திலிருந்து ஒரே ஒரு முஷ்டி! பழனி மலையின் அடிவாரத்துக்கு மிக அருகில் நின்றால் மலையே அதை மறைத்துவிடவும் கூடும். உங்கள் ஊரில் தெரிகிறதா என்று நீங்களே பார்த்துச் சொல்ல வேண்டியதுதான்.

வடக்கில் இழப்பதைத் தெற்கில் ஈடு கட்டிக்கொள்கிறோம். லண்டன் மாணவன் ஒருவன் தன் ஊரில் இருந்துகொண்டு வாழ்நாள் முழுதும் விழித்திருந்தாலும் அகத்தியர் விண்மீனைக் காண முடியாது. நமக்கோ அது தென் வானில் 27 டிகிரி வரை எழுகிறது. சித்திரை மாத இரவுகளில் திரிசங்கு என்னும் தென்சிலுவைக் கூட்டமும் மலைமுகட்டுக்கு மேலே வந்து நிற்கும்.

எந்த மாதங்கள் ஏற்றவை? ஆனி, ஆடியில் மேற்கு மலையைத் தாண்டி வரும் காற்றும் சாரல் மேகமும் விடமாட்டா. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. தை பிறந்ததும் வானம் தெளியும். தை முதல் பங்குனி வரை நமக்கு அறுவடைக் காலம். நல்வாய்ப்பாகத் திருவாதிரை மாலை வானில் உயர நிற்பதும் அம்மாதங்களில்தான்.

பொலிவை அளப்பது எப்படி?

விண்மீன்களின் பிரகாசத்தைப் பொலிவு எண்ணால் குறிப்பார்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. எண் குறையக் குறையப் பிரகாசம் கூடும். 1 என்ற எண்ணுடைய விண்மீன், 6 என்ற எண்ணுடையதைப்போல் நூறு மடங்கு ஒளி தருகிறது. ஒவ்வோர் எண்ணுக்கும் இடையே ஏறக்குறைய இரண்டரை மடங்கு வேறுபாடு. மிக இருண்ட இடத்தில் வெறும் கண்ணுக்குத் தெரியும் எல்லை சுமார் 6.

திருவாதிரையை அளக்க, பொலிவு மாறாத அல்லது மிகக் குறைவாகவே மாறுகிற அண்டை வீட்டுக்காரர்கள் சிலர் வேண்டும். புரோசியான் 0.4. ரோகிணி 0.9. புனர்பூசத்து இரட்டையரில் ஒளிமிக்கதான போலக்ஸ் 1.1. திருவாதிரைக்கு மேற்கே, ஓரியனின் மற்றொரு தோளாகிய பெல்லாட்ரிக்ஸ் 1.6.

இனி ஒப்பிடுங்கள். திருவாதிரை புரோசியானைவிட மங்கலாகவும் ரோகிணியைவிடப் பிரகாசமாகவும் தெரிகிறது என்று கொள்வோம். அவ்விரண்டுக்கும் இடையே உள்ள 0.5 என்ற இடைவெளியை மனத்தில் ஐந்து படிகளாகப் பிரியுங்கள். புரோசியானுக்கு இரண்டு படி கீழே என்று தோன்றினால் திருவாதிரையின் பொலிவு எண் 0.6. அவ்வளவுதான்! ராதா கோவிந்த சந்திரரின் ஆயிரக்கணக்கான குறிப்புகளுக்கும் இத்தகைய ஒப்பீடே அடிப்படை.

சில எச்சரிக்கைகள் உண்டு. வெளிச்சத்திலிருந்து வந்த உடனே அளக்கக் கூடாது. நம் விழித்திரையில் மங்கிய ஒளியை உணரும் செல்கள் முழுத் திறனை அடைய இருபது முதல் முப்பது நிமிடம் ஆகும். ஒரு முறை செல்பேசித் திரையைப் பார்த்தால் அத்தனையும் வீண். டார்ச் விளக்கின் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாளை இரண்டு மூன்று மடிப்பாகக் கட்டிக்கொள்ளுங்கள். மங்கலான செவ்வொளி அந்தச் செல்களை அதிகம் பாதிக்காது.

செந்நிற விண்மீனை வெகு நேரம் உற்றுப் பார்த்தால் அது கூடுதல் பிரகாசமாகத் தோன்றத் தொடங்கும். எனவே திருவாதிரையை ஒரு கணம் பார்த்துவிட்டு உடனே அடுத்த விண்மீனுக்குக் கண்ணை மாற்றுங்கள். அடிவானத்துக்கு அருகில் உள்ள விண்மீனின் ஒளி அதிகக் காற்றைக் கடந்து வருவதால் மங்கிவிடும். ஆகையால் ஒப்பிடும் விண்மீன்கள் எல்லாம் நல்ல உயரத்தில் இருக்கும் நேரமாகப் பார்த்து அளக்க வேண்டும்.

ஒன்பது பேர் ஏன்?

ஒருவரே அளக்கலாமே, ஒன்பது பேர் எதற்கு என்று கேட்பீர்கள். பழகாத ஒருவரின் மதிப்பீடு 0.3 வரை தவறலாம் என்று வைத்துக்கொள்வோம். ஒன்பது பேர் தனித்தனியே மதிப்பிட்டுச் சராசரி கண்டால், தவறு ஒன்பதின் வர்க்கமூலமாகிய மூன்றால் வகுபட்டு, 0.1 ஆகச் சுருங்கும். ஒருவர் கூட்டிச் சொன்னால் இன்னொருவர் குறைத்துச் சொல்வார். கூட்டலும் கழித்தலும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். பல கண்கள் சேர்ந்து ஒரு கூர்மையான கண்ணாகிவிடுகின்றன.

ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. ஒன்பது பேரும் ஒருவரையொருவர் கேளாமல் மதிப்பிட வேண்டும். வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கும் மாணவன் “0.6” என்று சத்தமாகச் சொல்லிவிட்டான் என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்ற எட்டுப் பேரின் கண்ணுக்கும் 0.6 ஆகவே தெரியத் தொடங்கும்! அப்போது குறிப்பேட்டில் ஒன்பது கையெழுத்து இருக்கும்; கண் ஒன்றுதான் இருக்கும். அவன் தவறியிருந்தால் ஒன்பது பேரும் தவறியவர்களே.

ஆகவே குழுவின் முதல் விதி இது. பார்க்கும்போது பேசக் கூடாது. ஒவ்வொருவரும் தம் எண்ணை ஒரு துண்டுத்தாளில் எழுதி மடித்துத் தர வேண்டும். எல்லாத் தாள்களும் சேர்ந்த பிறகே பிரிக்க வேண்டும்.

எடுத்துக்காட்டாக, பிரித்தபோது 0.5, 0.6, 0.7, 0.4, 0.6, 0.7, 0.5, 0.6, 1.2 என்று இருந்ததாகக் கொள்வோம். சராசரி 0.64. ஏறுவரிசையில் அடுக்கினால் நடு எண் 0.6. அந்த 1.2 மட்டும் கூட்டத்தில் ஒட்டாமல் நிற்கிறது. அதை அழித்துவிடலாமா? கூடாது! எழுதியவரைக் கேலி செய்யவும் கூடாது. அவர் ரோகிணி என்று நினைத்து வேறொரு விண்மீனோடு ஒப்பிட்டிருக்கலாம். அவர் பார்த்த கணத்தில் மெல்லிய மேகம் ஒன்று கடந்திருக்கலாம். கேட்டறிந்து காரணத்தைப் பக்கத்தில் குறியுங்கள். எண் அப்படியே இருக்கட்டும். மற்றவர்களின் எண்ணைப் பார்த்துவிட்டுத் தன் எண்ணைத் திருத்துவதுதான் பெருங்குற்றம். மற்ற எட்டுப் பேரும் 0.6 என்று சொல்லும் இரவில், தான் கண்டதைக் கண்டபடி 1.2 என்று எழுதத் துணியும் மாணவியே சிறந்த நோக்கர். ஒரு நாள் திருவாதிரை உண்மையாகவே மங்கும்போது அதை முதலில் எழுதப் போகிறவளும் அவளாகத்தான் இருப்பாள்.

தேனியில் ஒரு குழு, கம்பத்தில் ஒரு குழு

ஓர் ஊரில் ஒன்பது பேர் சேர்வதன் பயனைக் கண்டோம். இரண்டு ஊர்கள் சேர்ந்தால் என்ன செய்யலாம்?

1798-இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் பிராண்டஸ், பென்சன்பெர்க் என்ற இரண்டு கல்லூரி மாணவர்கள் இருந்தனர். எரிமீன்கள் எத்தனை உயரத்தில் ஒளிர்கின்றன என்பது அன்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது. மேகத்தின் உயரத்தில் என்பார் சிலர். நிலவுக்கு அப்பால் என்பார் சிலர். இவ்விரு மாணவர்களும் சில கிலோமீட்டர் இடைவெளியில் தனித்தனியே அமர்ந்து ஒரே இரவில் வானத்தைப் பார்த்தனர். எரிமீன் தோன்றிய நேரத்தையும் அது எந்த விண்மீன்களுக்கு இடையே ஓடியது என்பதையும் குறித்தனர். கண்ட சுமார் 400 எரிமீன்களில் 22 மட்டுமே இருவர் ஏட்டிலும் பொருந்தின. அந்த 22 போதுமானதாக இருந்தது! எரிமீன்கள் மேகங்களுக்கு மிக மேலே, ஆனால் நிலவுக்கு வெகு கீழே, நம் காற்று மண்டலத்தின் உச்சியில் எரிகின்றன என்று தெரியவந்தது.

நமக்கு அதைவிட வசதி. தேனிக்கும் கம்பத்துக்கும் நேர்கோட்டில் சுமார் 37 கிலோமீட்டர். தேனிக் குழுவினர் தலைக்கு நேர் மேலே ஓர் எரிமீனைக் காண்கிறார்கள் என்று கொள்வோம். அதே எரிமீன் கம்பத்துக் குழுவினருக்கு உச்சியிலிருந்து 20 டிகிரி வடகிழக்கே தள்ளித் தெரிகிறது. அதாவது இரண்டு முஷ்டி அகலம். பத்தாம் வகுப்பு முக்கோணவியலை எடுங்கள். டேன் 20 டிகிரியின் மதிப்பு சுமார் 0.36. எனவே உயரம் 37-ஐ 0.36-ஆல் வகுக்கக் கிடைப்பது. சற்றேறக்குறைய 100 கிலோமீட்டர்! நீங்கள் தேர்வுக்காக மனப்பாடம் செய்த டேன், ஓர் எரிமீனின் உயரத்தை உங்களுக்குச் சொல்லிவிட்டது.

இதற்கு ஏற்ற நாள் ஆண்டுதோறும் டிசம்பர் 13, 14 இரவுகள். ஜெமினிட் எரிமீன் பொழிவு அப்போதுதான் உச்சம் பெறும். ஃபேத்தான் என்ற சிறுகோள் விட்டுச் சென்ற துகள்களே இவை. இரவு பத்து மணிக்கு மேல் நன்கு தெரியும். நிலவொளி இல்லாத ஆண்டாக இருந்தால் இன்னும் சிறப்பு. ஒவ்வோர் ஊரிலும் நால்வர் பாய் விரித்து நான்கு திசைகளை நோக்கிப் படுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாமவர் நேரத்தை விநாடி வரை எழுதட்டும். மறுநாள் இரண்டு ஏடுகளையும் ஒப்பிடும்போது, ஒரே விநாடியில் இரண்டு ஊர்களிலும் எழுதப்பட்ட முதல் எரிமீனைக் கண்டவுடன் நீங்கள் அடையப்போகும் மகிழ்ச்சியை நான் எழுதிக் காட்ட முடியாது.

எண்ணினால்தான் தெரியும்

மூன்றாவது வேலை மிக எளியது. ஆனால் மிக அவசரமானது. ஓரியனின் நான்கு மூலை விண்மீன்களுக்கு உள்ளே எத்தனை விண்மீன்கள் தெரிகின்றன என்று எண்ணுங்கள். தேனி பேருந்து நிலையத்தின் அருகிலும், சின்னமனூர்க் கடைவீதியிலும், ஊருக்கு வெளியே கண்மாய்க்கரையிலும் ஒரே இரவில் எண்ணிப் பாருங்கள். எண்கள் பெரிதும் வேறுபடும். விண்மீன்கள் எங்கும் போய்விடவில்லை. மேல்நோக்கி வீணாகச் சிதறும் விளக்கொளிதான் அவற்றை மூழ்கடிக்கிறது.

2006 முதல் உலகெங்கும் பொதுமக்கள் இவ்வாறு வானத்தைப் பார்த்து ‘குளோப் அட் நைட்’ என்ற திட்டத்துக்குக் குறிப்பனுப்பி வருகிறார்கள். 2011 முதல் 2022 வரை வந்த 51,000-க்கும் மேற்பட்ட குறிப்புகளை ஆராய்ந்து 2023-இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். அவற்றுள் பெரும்பாலானவை ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் எடுக்கப்பட்டவை. இரவு வானத்தின் வெளிச்சம் ஆண்டுக்கு ஏறத்தாழ 10 சதவீதம் வீதம் கூடிவருகிறது என்று தெரிந்தது. இந்த வேகத்தில் போனால், ஒரு குழந்தை பிறந்தபோது 250 விண்மீன்கள் தெரிந்த இடத்தில், அது பதினெட்டு வயதை எட்டும்போது நூறுதான் தெரியும்.

செயற்கைக்கோள்கள் இதைக் காட்டவில்லையா? முழுமையாகக் காட்டவில்லை. இன்றைய எல்.இ.டி. விளக்குகள் உமிழும் நீல ஒளி, அந்தச் செயற்கைக்கோள்களின் உணர்கருவிகளுக்குத் தெரிவதில்லை. வெறும் கண்ணால் எண்ணியவர்கள் கண்டதை அவை தவறவிட்டன.

நம் பள்ளத்தாக்கிலும் விளக்குகள் பெருகி வருகின்றன. விளக்கு வேண்டாம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். வயலிலிருந்து இருட்டில் வீடு திரும்புவோருக்கு வெளிச்சம் வேண்டும். ஆனால் மேற்புறம் மூடியிட்ட விளக்கு, தரைக்கு வெளிச்சத்தையும் வானத்துக்கு இருளையும் ஒருங்கே தரும். ஊராட்சியிடம் இதைக் கேட்க வேண்டுமானால் கையில் எண்கள் வேண்டும். இத்தனை ஆண்டுகளுக்கு முன் கண்மாய்க்கரையில் இத்தனை விண்மீன்கள், இன்று இத்தனை என்று காட்டும் ஏடு உங்களிடம்தான் இருக்க வேண்டும். இந்த ஆண்டு எண்ணாவிட்டால், இந்த ஆண்டின் எண் என்றென்றைக்கும் கிடைக்காது.

குறிப்பேட்டைத் திறங்கள்

நீளமான கணக்குநோட்டு ஒன்று வாங்குங்கள். தேதி, நேரம், இடம், வானத்தின் நிலை, நிலவு உண்டா, நோக்கியவர் பெயர், மதிப்பீடு என ஏழு பத்திகள் போடுங்கள். பேனாவால் எழுதுங்கள். மேகம் மூடிய இரவில் “மேகம், பார்க்க முடியவில்லை” என்று எழுதுவதும் ஒரு குறிப்பே. வாரம் ஓர் இரவு, ஒரு மணி நேரம் போதும். தேர்வுக் காலத்தில் அரை மணி நேரம்.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது கவனம் தேவை. பள்ளி மைதானமும் மொட்டைமாடியும் முதலிடம். ஊருக்கு வெளியே செல்வதானால் ஆசிரியர் ஒருவரும் பெற்றோர் சிலரும் உடன் வர வேண்டும். மேகமலைப் பகுதி புலிகள் காப்பகம். மலையடிவாரக் காடுகளில் யானைகள் நடமாட்டம் உண்டு. வனத்துறையின் அனுமதியின்றி அப்பக்கம் இரவில் செல்லவே கூடாது. கண்மாய்க்கரையில் பாம்பைக் கருதிக் காலணி அணிந்து செல்லுங்கள். பைனாகுலர் கிடைத்தால் கார்த்திகை விண்மீன்களையும் வியாழனின் நிலாக்களையும் பார்த்து மகிழுங்கள். ஆனால் எக்காரணம் கொண்டும் அதைச் சூரியன் பக்கம் திருப்பாதீர்கள்.

பத்தாம் வகுப்பு முடிந்ததும் நீங்கள் வேறு பள்ளிக்கோ வேறு ஊருக்கோ போய்விடக்கூடும். அதற்குள் எட்டாம் வகுப்பிலிருந்து ஒன்பது பேரைப் பழக்கி, குறிப்பேட்டை அவர்கள் கையில் கொடுத்துவிட்டுப் போங்கள். கொடைக்கானல் மலைமேல் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அப்படித்தான் நடந்துவருகிறது.

திருவாதிரை ஒரு நாள் வெடித்துச் சிதறும் என்பது வானியலாரின் கணிப்பு. அது நாளையும் நடக்கலாம். ஒரு லட்சம் ஆண்டு கழித்தும் நடக்கலாம். அதற்கு முன்னரும் அது பலமுறை மங்கும், ஒளிரும். அவற்றுள் ஏதேனும் ஒன்றின் தொடக்கம் கம்பம் பள்ளத்தாக்கின் ஒரு பள்ளிக் குறிப்பேட்டில் பதிவாகியிருக்க வேண்டும் என்பது என் ஆசை. அடுத்த சனிக்கிழமை வானம் தெளிவாக இருந்தால், எட்டு நண்பர்களை அழைத்துக்கொண்டு மைதானத்துக்குச் செல்லுங்கள். துண்டுத்தாள்களை மறந்துவிடாதீர்கள்.